மாப்பிள்ளை பார்க்கப் போன குதிரைப் பந்தயம்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே கடல் தாண்டிப் போனவன் நான். அக்கம்பக்கத்தாரிடம் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்தேன். அபுதாபியில் மகன் முரளி குடும்பத்தோடு இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. உண்மையில் என் தங்கை கமலா ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தாள். அவள் மகள் வித்யாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சரவணன், குத்தாலத்துக்காரன், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கராஜில் சூப்பர்வைசர். நேரில் போய் ஆள் எப்படி என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

வித்யாவுக்கு முப்பத்தொன்று. ஏழு வருஷமாக வரன் பார்த்து, ஜாதகம் பொருந்தினால் குடும்பம் பொருந்தாமல், குடும்பம் பொருந்தினால் அவர்கள் கேட்பது நமக்குக் கட்டுப்படியாகாமல் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு வரனில்தான் எல்லாம் கூடி வந்தது. பையனும் பெண்ணும் இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். வித்யா சிரிக்கிற சத்தம் வீட்டில் கேட்கிறது என்று கமலா என்னிடம் இரண்டு முறை சொன்னாள். கமலாவுக்கு வீட்டுக்காரர் இல்லை. தாய்மாமன் நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவு.

கமலா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "கறுப்பா இருக்கட்டும், படிப்பு கம்மியா இருக்கட்டும். சீட்டு, ரேஸுன்னு போறவனா மட்டும் இருக்கக் கூடாதுண்ணா."

காரணம் எங்கள் அப்பா. நாங்கள் வளர்ந்தது சைதாப்பேட்டையில். கிண்டி ரேஸ் மைதானம் நடக்கிற தூரம். சனிக்கிழமை வந்தால் அப்பாவை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. ஒரு சனிக்கிழமை அம்மாவின் தையல் மெஷினை அவர் ரிக்‌ஷாவில் ஏற்றியபோது ஏழு வயசுக் கமலா அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை கூடவே ஓடினாள். மெஷின் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் குதிரைப் படம் போட்ட காலண்டரைக்கூட மாட்டியதில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவு சங்கங்களில் தணிக்கை வேலை பார்த்தவன். மனிதர்கள் சிரித்துப் பேசினால் எதை மறைக்கிறார்கள் என்று யோசிப்பது என் வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. என் மனைவி இருந்தவரை என்னோடு கல்யாணத்துக்கு வரவே பயப்படுவாள்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். நான்கு மணி நேரம் பறந்துபோய் முதலில் சாப்பிட்டது இட்லியும் தேங்காய்ச் சட்னியும். மருமகள் அக்கறையாகத்தான் செய்திருந்தாள், ஆனாலும் எனக்கு ஏமாற்றம். பேத்தி என்னிடம் இங்கிலீஷில் குசலம் விசாரித்தாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் அம்மா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

வெள்ளிக்கிழமை முரளி ஒரு மாலுக்குக் கூட்டிப் போனான். உள்ளே குளிர், வெளியே வெயில், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அங்கே பார்த்ததையெல்லாம் எழுதினால் பொருள் விலைப்பட்டியலாகிவிடும். தரை மட்டும் நம் ஊர் ஆஸ்பத்திரித் தரையைவிடச் சுத்தமாக இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் நம் ஊர் ஜாடையில் இருந்தார்கள்.

சனிக்கிழமை முசஃபா. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று முரளி சொன்னான். வேண்டாம் என்றேன். திடீர்ச் சோதனைக்குத் தனியாகத்தான் போக வேண்டும். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அங்கே காசு வாங்க மாட்டார்களாம், கார்டு வேண்டுமாம். டிரைவர் கையை விரித்தார். பின்னால் நின்ற ஒரு வங்காளத் தொழிலாளி தன் கார்டை எனக்காக ஒருமுறை தட்டினான். நான் சில்லறையை நீட்டியபோது நெஞ்சில் கை வைத்து மறுத்துவிட்டான். நல்ல மனுஷன் என்று நினைப்பதற்கு முன்னால், இவனுக்கு என்னிடம் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிப் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் தப்பான நிறுத்தத்தில் இறங்கினேன். முசஃபாவில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரே தெரு. டயர் கடை, ரேடியேட்டர் கடை, டிங்கரிங் கடை, மறுபடி டயர் கடை. காற்றில் பெயிண்ட் வாசனை. ஒரு மலையாளியின் கஃபட்டேரியாவில் வழி கேட்டேன். ஐந்தே நிமிஷம் என்றார். முக்கால் மணி நேரம் நடந்தேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சரவணன் ஒரு பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, போட்டோவில் பார்த்திருப்பான். "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கையைக் காட்டி ஒரு நிமிஷம் என்று போய், சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்துதான் கும்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். எனக்குச் சர்க்கரை ஆகாது என்றதும் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தான். அவன் உள்ளே போன நேரத்தில் பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஆள் எப்படி என்று விசாரித்தேன். காலி கப்பைக்கூடத் தரையில் போடாத ஆள் என்றார் அவர். எனக்கு அதில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது அவனே சொன்னான். "நாளைக்கு லீவு மாமா. ஞாயித்துக்கெழமையில குதிரை ரேஸுக்குப் போவேன். நீங்களும் வாங்களேன், நல்லா பொழுது போவும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். கூச்சமே இல்லை. என் அனுபவத்தில் கைதேர்ந்த திருடன் பீரோவை அவனே திறந்து காட்டுவான். வருகிறேன் என்றேன்.

முரளியிடம் இதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சோதனை முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது என் பழைய பழக்கம். நண்பனோடு வெளியே போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கினேன்.

சரவணனுடைய கார் பழசு, உள்ளே சுத்தமாக இருந்தது. ஒன்றரை மணி நேர ஓட்டம். இரண்டு பக்கமும் மணல், ஒட்டகம் ரோட்டுக்கு வராமல் இருக்கக் கம்பிவேலி. வழியில் ஓரமாக நிறுத்தி ஒரு டப்பாவைத் திறந்தான். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், அவனே சமைத்தது. இரண்டும் நன்றாக இருந்தன, என் மனைவி கை அளவுக்கு இல்லை என்றாலும். இப்படிப்பட்ட பையனுக்கு ஏன் இந்தப் புத்தி என்று சாப்பிட்டுக்கொண்டே வருத்தப்பட்டேன். வருத்தம் உண்மையானது. அதை மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அது ஒரு சின்ன ஊர், மைதானமும் சின்னது. பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஒரு மணல் ஓடுபாதை, ஆயிரம் பேர் உட்காரக்கூடிய படிக்கட்டு மண்டபம், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம். உள்ளூர் அரபுக் குடும்பங்கள் பாய் விரித்து ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தன. படிக்கட்டின் வெயில் பக்கம் முழுக்கத் தொழிலாளிகள், பதான் டிரைவர்கள், வங்காளிகள், நேபாளிகள், நம்மவர்கள். நுழைவதற்குக் கட்டணம் இல்லை. தண்ணீர் பாட்டில்கூடச் சும்மா கொடுத்தார்கள். மீனுக்குப் பொரி போடுகிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கூடாரத்தில் சீட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு சீட்டு, மொத்தம் ஆறு ரேஸ். சுற்றிலும் அத்தனை பேரும் தொடையில் சீட்டை வைத்துப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குனிந்த கழுத்துகளை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒருமுறை அப்பா என்னைக் கிண்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எல்லாம் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், கிண்டியில் தரை தெரியாமல் கிழித்துப் போட்ட சீட்டுகள் கிடக்கும். இங்கே ஒன்றுகூட இல்லை. சுத்தமான நாடு என்று அதையும் தாண்டிப் போய்விட்டேன்.

ரேஸுக்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டினார்கள். சரவணன் வேலியோரமாக என்னை நிறுத்தி, "இதுல எது மாமா நல்லாருக்கு?" என்று கேட்டான். கேட்டதும் அப்பா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. நடக்கும்போது பின்னங்கால் முன்னங்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழ வேண்டும். காது முன்னால் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் வியர்வை நுரைத்தால் அந்தக் குதிரையை விட்டுவிட வேண்டும். ஐம்பத்தேழு வருஷமாக நினைத்தே பார்க்காத விஷயங்கள். ஒரு செம்பழுப்புக் குதிரையைக் காட்டினேன். அவன் இரண்டு சீட்டு எழுதினான், ஒன்றில் ஒரு நம்பர், இன்னொன்றில் நான் காட்டிய நம்பர். ஒன்றுக்கு இரண்டாக விளையாடுகிறான், அதுவும் என் கண் முன்னால், என்னிடமே டிப்ஸ் வாங்கி. பிறகு கூடாரத்துக்குப் போனான். கூட்டத்தின் முதுகு மறைத்தது.

செம்பழுப்புக் குதிரை ஜெயித்தது. இரண்டாவது ரேஸிலும் நான் காட்டியதே ஜெயித்தது. மூன்றாவதில் தப்பாகப் போனது. பக்கத்தில் இருந்த ஒரு தாடிக்காரப் பதான் என் தோளைத் தட்டி, "எனக்கு இன்றைக்கு இரண்டு சரி, பெரியவரே, கை நன்றாக இருக்கிறது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். நான் கையைத் தட்டிவிட்டேன்.

நான்காவது ரேஸில்தான் அது நடந்தது. கடைசி வளைவில் நான் காட்டிய சாம்பல் குதிரை ஆறாவதாக வந்துகொண்டிருந்தது. அது ஒவ்வொன்றாகத் தாண்டி முதலில் வந்தது. முடிந்தபோது நான் படிக்கட்டில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். தொண்டை எரிந்தது. கத்தியிருக்கிறேன். அந்தப் பதானும் சரவணனும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கையும் காற்றில் இருந்தன.

அப்பா அப்படித்தான் நிற்பார்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அவமானத்தை உடனே யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டும்போல இருந்தது. கமலாவுக்குப் போன் போட்டேன்.

"கமலா, வேண்டாம்" என்றேன்.

"ஏண்ணா?"

"ரேஸ் மைதானத்துலேர்ந்துதான் பேசறேன். அவன்தான் கூட்டிட்டு வந்தான். ரெண்டு ரெண்டு சீட்டா எழுதறான்."

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது ரேஸுக்கு எது என்று சரவணன் கேட்டபோது என் விரல் தானாக நீண்டது. ஆறாவதுக்கும் நீண்டது. இரண்டுமே ஜெயித்தன. நடுவில் தொழுகைக்காக அரை மணி நேரம் எல்லாம் நின்றது. அந்த அரை மணி நேரத்தில் அவன் எனக்கு ஒரு சமோசா வாங்கி வந்தான், ஊரில் வீட்டுக்கு மாடி எடுக்கப்போவதைப் பற்றிப் பேசினான், வித்யாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டான். நான் ம், ம் என்றேன்.

கார் நிறுத்தியிருந்த மணல்வெளிக்கு நடக்கும்போது அவன் போன் அடித்தது. "சொல்லும்மா" என்று எடுத்தான். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றான். ரொம்ப நேரம் நின்றான். வைத்துவிட்டுத் திரும்பி, "போலாமா மாமா" என்றான்.

இருபது நிமிஷம் ஓட்டினான். ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி டீ வாங்கி வந்தான். எனக்குக் கொடுத்த கப்பில் சர்க்கரை இல்லை.

"மாமா, நான் பணம் கட்டுனத நீங்க பாத்தீங்களா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டான்.

நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதுவது தணிக்கையில் குற்றம். எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது முதல் விதி. முப்பத்திரண்டு வருஷம் மோசமான கிளார்க்குகளுக்குக்கூட அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறேன்.

"இந்த நாட்டுல ரேஸுல பணம் கட்டக் கூடாது மாமா, சட்டம். சீட்டு சும்மா குடுக்கறது. பேரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில போடுவோம். நெறைய சரியா வந்தா பரிசு குடுப்பாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது சீட்டு உங்க பேருல எழுதுனது. நீங்க காட்டுற குதிரையைத்தான் அதுல எழுதுனேன்."

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே கமலாவுக்குப் போன் போட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், நான்தான் முட்டாள் என்றேன். கமலா அழ ஆரம்பித்தாள். முதலில் என்னோடு பேசி வைத்த மறு நிமிஷமே குத்தாலத்தில் அவன் அம்மாவிடம் பேசியிருக்கிறாள். அப்பா மேல் ஐம்பது வருஷமாக இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, சூதாடிக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே நிச்சயத்துக்கு நாள் குறிக்க உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்களாம். போன் ஸ்பீக்கரில் இருந்ததாம்.

"உங்க அம்மாகிட்ட நானே பேசறேன் தம்பி. கால்ல வேணா விழறேன்" என்றேன்.

"வேண்டாம் மாமா. அத்தனை பேரு முன்னாடி அம்மாவுக்குத் தலை குனிஞ்சு போச்சு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்க." கப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தான். "வித்யாகிட்ட போன மாசமே சொன்னேன் மாமா, ரேஸுக்குப் போவேன்னு. பணம் கட்டுவீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். சரின்னுட்டாங்க."

வித்யா அந்த ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்தாள். ஜவுளிக்கடை, பண்டிகை நேரம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கும் தோன்றவில்லை, அவள் அம்மாவுக்கும் தோன்றவில்லை. கல்யாணம் யாருக்கு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

முரளியின் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, சரவணன் "பாத்துப் போங்க மாமா" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதில் எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் எங்கும் போகவில்லை. குத்தாலத்துக்கு நான்கு முறை பேசினேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தவர், ராங் நம்பர் என்றார். முரளி என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னான். எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கீழே வாட்ச்மேனிடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்திருந்தது. சரவணன் வந்து கொடுத்துவிட்டு, மேலே வரவில்லையாம். உள்ளே ஒரு டின்னர் செட், வெள்ளைப் பீங்கானில் தங்க விளிம்பு. மேலே ஒட்டிய தாளில் அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சிட்டிருந்தது. வெற்றியாளர் என்ற இடத்தில் என் பெயர், நடராஜன். ஆறில் ஐந்து சரி. போன் நம்பர் அவனுடையது. எங்கள் குடும்பத்தில் ரேஸில் ஜெயித்த முதல் ஆள் நான்தான்.

விட்டுவிட்டு வர மனசில்லை, கொண்டுவரவும் மனசில்லை. கடைசியில் கையோடு கொண்டுவந்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி, "என்ன சார், வீட்டில் கல்யாணமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்றேன்.

நேராகக் கமலா வீட்டுக்குத்தான் போனேன். கமலா பெட்டியைத் தொடவில்லை, உள்ளே போய்விட்டாள். வித்யா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதை விமானத்தில் முழுக்க மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. குனிந்து தாளைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். போன் நம்பர் இருந்த இடத்தில் அவள் கண் நின்றது.

"குதிரையை எல்லாம் சரியாத்தான் பாத்திருக்கீங்க மாமா" என்றாள்.

பிறகு பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.